அத்தை மகள் ஆகும், சித்தப்பா மகள் ஆகாது

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் கலியாணப் பேச்சு எழுந்தால் படிப்புக்கும் வருமானத்துக்கும் முன்னால் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "அந்தப் புள்ள நமக்கு என்ன முறை வேணும்?" மஸ்கெலியா, டிக்கோயா, அக்கரப்பத்தனை என்று எந்தப் பக்கத்துத் தொழிலாளர் லயமானாலும் அதற்குப் பதில் சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கணக்கை விரிப்பார். "அவ அப்பாயியும் இவன் அம்மாயியும் கூடப்பொறந்த அக்கா தங்கச்சி. அப்ப அவ அப்பன் இவனுக்கு மாமன். கட்டிக்கிற முறைதான், தாராளமா பேசலாம்." அதே பெரியவர், இருவரின் அப்பாவைப் பெற்ற தாத்தாக்களும் அண்ணன் தம்பி என்று தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவார். "அண்ணன் தங்கச்சி முறை. வாயால சொல்லவும் கூடாது."

இந்த இரண்டு சோடிக்கும் இரத்த நெருக்கம் ஒன்றேதான். ஒன்று சம்பந்தம், மற்றது பாவம். நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று சமூகங்கள் ஏன் விதி வைத்தன என்று ஆராய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பெற்றவரும் பிள்ளையும், உடன்பிறந்தவர்களும் மணக்கக் கூடாது என்பதில் ஏறத்தாழ உலகம் முழுதும் ஒத்துப்போகிறது. பண்டைய எகிப்தின் அரச குடும்பங்கள் போன்ற விதிவிலக்குகள் மிகச் சில. அதற்கு அப்பால் கோட்டை எங்கே போடுவது என்பதில் ஒற்றுமை இல்லை. வட இந்தியாவின் பெரும்பாலான இந்துக்களுக்கு மாமன் மகளும் தங்கைதான். அரபு நாடுகளில் சித்தப்பா, பெரியப்பா மகளைக் கட்டுவதே நெடுங்கால விருப்பம். சீனா 1980 ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தில் இரண்டையும் தடுத்தது; நோர்வே பாராளுமன்றம் 2024 இல் அதே முடிவுக்கு வந்தது. நமக்கோ அத்தை மகள், மாமன் மகள் ஆகும். சித்தப்பா மகள், பெரியம்மா மகள் ஆகாது. பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் உறவுமுறையும் அடிப்படையில் இதே அமைப்புத்தான்.

"நம் முன்னோர் அன்றே மரபணு அறிந்து விதி வகுத்தார்கள்" என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அது உண்மையல்ல. அத்தை மகளோடும் சித்தப்பா மகளோடும் ஒருவர் பங்குபோட்டுக்கொள்ளும் பாரம்பரியம் ஒரே அளவு, எட்டில் ஒரு பங்கு. மரபணுவை நினைத்து வகுத்த விதி ஒன்றைத் தடுத்து மற்றதைக் கொண்டாடியிருக்காது. முறை என்பது இரத்தத்தை அளக்க வந்ததல்ல. பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று ஊரை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கத்துப் பெண்ணை அந்தப் பக்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆக்கிய ஏற்பாடு அது. பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1949 இல் வெளியிட்ட பெருநூலில் சொன்னதும் இதையொட்டியதே: தடை எதிர்மறையாகத் தெரிந்தாலும், அதன் உட்கிடை "வெளியே கொடு, வெளியிலிருந்து எடு" என்ற கட்டளை. கொடுத்து எடுத்தால் உறவு விரியும். வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டால் ஒவ்வொரு வீடும் தனித் தீவாகும். மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்த லூயி துய்மோன், சம்பந்தம் என்பது ஒரு கலியாணத்தோடு முடியாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் சொத்து என்று காட்டினார்.

ஆனால் லயத்தை அறிந்தவர்களுக்கு இந்த விளக்கம் மட்டும் போதாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா. அதற்குள் அப்பா அம்மா, வயதுக்கு வந்த பிள்ளைகள், சில வீடுகளில் கலியாணமான அண்ணனும் அவன் மனைவியும். ஒரு சுவர் தாண்டினால் அடுத்த குடும்பம். கழிப்பறையும் தண்ணீர்ப் பீலியும் பொது. விடியலில் அம்மா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் மலையேறிவிட்டால் மாலை கொழுந்து நிறுத்து வரும்வரை பிள்ளைகள் அயலாரின் கண்பார்வையில்தான் வளர்ந்தன. இந்த நெரிசலில் ஒரு பெண்பிள்ளைக்குப் பூட்டிய கதவு கிடையாது. அவளுக்கு இருந்த காவல், "அவ ஒனக்குத் தங்கச்சி" என்று சுற்றியுள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்த அந்த முறைதான். கூட வளர்ந்தவர்களிடையே இயல்பாகவே காம இச்சை எழுவதில்லை என்று மானிடவியலாளர் வெஸ்டர்மார்க் 1891 இல் எழுதினார். அது பெருமளவு உண்மையாக இருக்கலாம். என்றாலும், இயல்பை மட்டும் நம்பி யாரும் பெண்பிள்ளையை விட்டுவிட்டுப் போகவில்லை. முறையை நம்பித்தான் மலையேறினார்கள். இந்தத் தடையின் ஆகப் பெரிய நன்மை இதுவே என்று நினைக்கிறேன்.

கட்டிக்கலாம் என்ற பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. 1820களில் கோப்பிக் காலத்தில் தொடங்கிய வருகை, 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை வேரூன்றிய பிறகு பெருகியது. கங்காணிகள் தம் ஊரையும் உறவையும் சேர்ந்தவர்களையே பெரும்பாலும் திரட்டி வந்தார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களுக்கு நிலமில்லை, ஊரில்லை, 1948 க்குப் பிறகு பிரஜாவுரிமையும் இல்லை. அவர்களிடம் இருந்த ஒரே சொத்து ஆட்கள். தெரியாத தோட்டத்துக்குப் பெண்ணைக் கொடுப்பதைவிட அத்தை வீட்டுக்குக் கொடுப்பது பாதுகாப்பாகத் தெரிந்தது. சீர்செனத்தி பேரம் முற்றாமல் அடங்கியது. சாவுக்கும் சடங்குக்கும் மாமன் மச்சான் வந்து நின்றான். 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது அது வெட்டியது இந்த வலையைத்தான். அண்ணன் ஹட்டனிலும் தங்கை நீலகிரியிலும் என்று ஆனபின், கொடுத்து எடுக்கப் பேசி வைத்திருந்த வீடுகளுக்கு நடுவே கடல் வந்து படுத்துக்கொண்டது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்றை வளைக்காமல் சொல்ல வேண்டும். தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது தவறு. தமிழ்நாட்டில் அது வழக்கம். இந்தியாவின் 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் வழக்காறு இருந்தால் விலக்களிக்கிறது. இலங்கையில் அந்த விலக்கு இல்லை. மலையகத் தமிழருக்குப் பொருந்தும் 1907 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம், சகோதரன் மகளையோ சகோதரி மகளையோ மணப்பது செல்லாது என்று 16 ஆம் பிரிவில் சொல்கிறது. 1995 இல் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்த்த 364அ பிரிவின்படி அந்த உறவு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றம். இது தெரியாமல், ஊர் வழக்கம் என்று நம்பிக் கோயிலில் தாலி கட்டிய சோடிகள் மலையகத்தில் உண்டு. அவர்களின் கலியாணத்தை எந்தப் பதிவாளராலும் பதிய முடியாது. பிள்ளையின் பிறப்புப் பதிவில் பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வியின் முன்னால் தலைகுனிந்தவள் அந்தத் தாய். கணவன் இறந்தால் மனைவி என்று காட்ட அவளிடம் ஒரு தாள் இருக்காது.

சட்டம் நம் வழக்கத்தை மிதிக்கிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்திருப்பவன் தாய்மாமன். அவள் பெரியவளானால் முதல் தண்ணீர் ஊற்றும் உரிமையும் சீர் கொண்டுவரும் கடமையும் அவன் வீட்டுக்கு. தகப்பனிடம் சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்கு இருக்கும் ஆண் துணை அவன். அந்தத் துணையே ஒருநாள் அவளைக் கேட்டு வந்தால், அவள் வேண்டாம் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? அம்மாவுக்கு அவன் தம்பி. அம்மாயிக்கு அவன் மகன். உயிரியல் கணக்கும் இங்கே கடுமையானது. மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கு பாரம்பரியத்தைப் பகிர்பவர்கள். அத்தை மகன் – மாமன் மகள் உறவைப்போல இது இரண்டு மடங்கு.

அத்தை மகன், மாமன் மகள் மணத்தை எங்கே வைப்பது? தன் மாமன் மகள் எம்மாவை 1839 இல் மணந்த சார்ள்ஸ் டார்வின், பிள்ளைகளின் நோய்களைக் கண்டு பின்னாளில் அஞ்சி, 1871 குடிசனக் கணக்கெடுப்பில் உறவு மணம் பற்றிக் கேட்க வேண்டும் என்று முயன்றார். பிரித்தானியப் பாராளுமன்றம் மறுத்துவிட்டது. இன்று விடை ஓரளவு தெளிவு. பாகிஸ்தானிய வம்சாவளியினர் அதிகம் வாழும் பிரட்போர்ட் நகரில் நடந்து 2013 இல் வெளியான ஆய்வு, பிறவிக் குறைபாடு நூற்றுக்கு மூன்று என்றிருப்பது இத்தகைய மணத்தில் ஏறத்தாழ ஆறாவதைக் கண்டது. அதாவது நூறில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகளுக்கு அந்தக் குறைபாடு இல்லை. ஆகவே இந்த மணத்தைக் குற்றமாக்கச் சொல்வது மிகை. ஆனால் கவலையில்லை என்று சொல்வதும் பொய். தாத்தா கட்டியது மாமன் மகளை, அப்பா கட்டியதும் மாமன் மகளை, இப்போது மகனும் என்றால் ஆபத்து அடுக்கடுக்காக ஏறும். தலசீமியா போன்ற நோயில் தாயும் தகப்பனும் நலமாகவே இருப்பார்கள். இருவரிடமும் மறைந்திருக்கும் அதே கோளாறு ஒன்றுசேரும்போதுதான் பிள்ளை வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டியதாகிறது. அந்தப் பிள்ளைகளுக்கென்றே குருநாகலில் ஒரு தேசிய நிலையம் இயங்குகிறது.

உடல்நலத்தைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது கட்டாயம். "முறைப்பையன் இருக்கையில வெளிய குடுக்கிறதா?" என்ற ஒரு கேள்வியில் உயர்தரம் படித்த பெண்ணின் அடுத்த பத்தாண்டு முடிவாகிவிடுகிறது. அத்தை வீடு பாதுகாப்பு என்ற வாதமும் பாதிதான் சரி. கணவன் குடித்துவிட்டு அடித்தால் அவள் முறையிட வேண்டியது சொந்த அத்தையிடம். தாய்வீட்டுக்குத் திரும்பினால் அப்பாவுக்கும் அவர் தங்கைக்கும் பகை மூளும் என்று அவளையே பொறுத்துப்போகச் சொல்வார்கள். கலியாணத்தை உறவுக்குள் வைத்துக்கொள்வது சாதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வழி. ஒரே மலையில் கொழுந்தெடுத்து ஒரே தொழிற்சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சம்பந்தம் செய்யாமல் இருப்பதற்கு முறை ஒரு கௌரவமான சாக்கு.

தடையின் பக்கத்திலும் கொடுமை உண்டு. கொழும்பில் வேலை செய்யும் பையனும் பெண்ணும் விரும்புகிறார்கள். வேறு வேறு தோட்டம். ஒன்றாக வளர்ந்ததும் இல்லை. விசாரித்தால், யாரோ ஒரு பூட்டனின் வழியாக அண்ணன் தங்கச்சி முறை வருகிறது. சட்டத்தில் தடையில்லை; மருத்துவமும் அஞ்சத் தேவையில்லை. ஆனாலும் அவர்கள் இரண்டு வீட்டுக்கும் ஆகாதவர்கள் ஆகிறார்கள். ஒரே காம்பிராவில் வளர்ந்தவர்களைக் காக்க வந்த விதி, ஒருவரையொருவர் இருபது வயதுவரை பார்த்தே இராதவர்களைத் தண்டிக்கிறது.

தோட்டத் தலைவர்களிடமும் கோயில் கமிட்டிகளிடமும் பெரியவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அக்கா மகளைப் பேசி வருகிறவர்களிடம் அது சட்டப்படி செல்லாது என்று தேதி குறிக்கும் முன்பே சொல்லுங்கள். அத்தை மகன், மாமன் மகள் விரும்பினால் தடுக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, தாலிக்கு முன் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வழிகேளுங்கள். பெண்ணிடம் அவள் அம்மா, அத்தை யாரும் பக்கத்தில் இல்லாதபோது ஒருமுறை சம்மதம் கேளுங்கள். பூட்டன் வழியில் அண்ணன் தங்கச்சி ஆகிப்போனவர்கள் கைகோர்த்து வந்து நின்றால், அவர்களை லயத்தை விட்டு ஓடவைக்காதீர்கள்.