உருவும் கட்டும்: கட்டுமர ஆவணமாக்கத்தில் ஒளிப்பட அளவையியல் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

இராயபுரம் காசிமேடு முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரையில் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் இம்மாற்றம் விரைவுபெற்றது. மறையும் பொருளை ஒளிப்படங்களிலிருந்து முப்பரிமாண மின்னுருவாக மீட்கலாம் என்னும் நம்பிக்கை இன்று ஆவணத் துறையில் வலுத்துள்ளது. அந்நம்பிக்கை கட்டுமரத்திற்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முறையின் வலிமை

ஒரு பொருளைச் சுற்றிலும் நின்று, ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படியுமாறு பல படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் பொதுவாக அமைந்த புள்ளிகளைக் கணினி இனங்கண்டு, படக்கருவி நின்ற இடங்களையும் புள்ளிகளின் இருப்பையும் கணக்கிடுகிறது. இவ்வாறு பெறப்படும் புள்ளித்திரளே பின்னர் மேற்பரப்பாக உருப்பெறுகிறது. விலைமிக்க கருவி தேவையின்மை இதன் பெருஞ்சிறப்பு. உப்பேறி வெடித்த கட்டையின் சொரசொரப்பான பரப்பில் பொதுப் புள்ளிகள் மிகுதியாகக் கிடைப்பதால், கட்டுமரம் இம்முறைக்கு இயல்பாகவே ஏற்ற பொருளாகும். ஈரமும் பளபளப்பும் உள்ள பரப்பில் கணிப்பு பிழைபடும்.

பழைய படங்களின் எல்லை

2001இல் தகர்க்கப்பட்ட பாமியன் புத்தர் சிலைகளைச் சூரிச் தொழில்நுட்பக் கழகத்தார் படங்களைக் கொண்டு மின்னுருவாக்கினர். பயணிகள் எடுத்த படங்களிலிருந்தும் ஓர் உரு கிடைத்தது. எனினும், 1970இல் கோஸ்ட்கா அளவைப் படக்கருவியால் எடுத்த படங்களே நுண்ணிய உருவைத் தந்தன. சிலை நிலையானது; எவர் எடுத்த படமும் அதே சிலையைக் காட்டும். கட்டுமரமோ அத்தகையதன்று. கரையேறியபின் கட்டவிழ்த்துக் கட்டைகளை உலர்த்தி, மீண்டும் கட்டிக் கடலேறுவது வழக்கம். வெவ்வேறு நாளில் வெவ்வேறு மரத்தை எடுத்த படங்களைத் தொகுத்தால் ஒரு பொருளின் உரு கிடைக்காது.

உரு காட்டாதவை

கட்டிய நிலையில் எடுத்த மின்னுரு புறப்பரப்பை மட்டுமே பதிவுசெய்கிறது. கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தும் உட்பக்கம் ஒளிப்படத்தில் விழாது. கயிற்றை எங்குத் தொடங்கி எவ்வாறு இறுக்குவது என்னும் வரிசையும் அதில் இல்லை. 'கட்டு' என்னும் செயலே பொருளின் பெயராக அமைந்திருக்க, அச்செயலே ஆவணத்திலிருந்து விடுபடுகிறது. மேலும், அளவுகோல் வைக்காமல் எடுத்த படங்கள் வடிவ விகிதத்தைத் தருமேயன்றி உண்மை அளவைத் தாரா. இவ்வகையில், சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வு இன்றும் பயன்மிக்கது. வடிவத்தோடு பயன்பாட்டையும் வட்டார வேறுபாட்டையும் அது சேர்த்துக் கருதியது. கண்ணைக் கவரும் மின்னுரு அத்தகைய விளக்கத்திற்கு மாற்றாகாது.

முடிவுரை

'கட்டுமரம்' என்னும் சொல் ஆங்கிலத்திற்குச் சென்று இன்று இரட்டை உடற்படகைக் குறிக்கிறது. பெயர் நிலைத்தது, பொருள் திரிந்தது. பெயரும் செயலும் இன்றி உருவம் மட்டும் திரையில் நிலைக்குமாயின் அதே இழப்பு மறுதலையாக நிகழும். எனவே ஒவ்வொரு கட்டையையும் அவிழ்த்த நிலையிலும் கட்டிய நிலையிலும் அளவுகோலுடன் தனித்தனியே படமெடுத்தல் வேண்டும். அணியம் முதலாய உறுப்புப் பெயர்களைக் கரையோர வழக்கிலேயே இணைத்தல் வேண்டும். கட்டும் முறையைக் கட்டத் தெரிந்தோர் செய்துகாட்ட, அதனை அசைபடமாகப் பதிவுசெய்தலும் வேண்டும். படமெடுப்பதைப் பின்னர் எவரும் கற்றுக்கொள்ளலாம். கட்டுவதைக் கற்பிப்போர் உள்ளபோதே இப்பணி தொடங்கப்படல் வேண்டும்.