குருதிப்புனலும் ஒரு கட்டுரையும்

"நாவல் படிச்சு என்ன சார் ஆகப்போகுது? நாலு விஷயம் தெரிஞ்சுக்கிற மாதிரி ஏதாச்சும் படிக்கலாம்ல" என்று கேட்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தகவல் எங்கேயும் கிடைக்கும், மனுஷன் உள்ளே என்ன நடக்குதுன்னு நாவல்தான் காட்டும் என்பது என் வழக்கமான பதில். போன மாதம் கீழவெண்மணி பற்றிய பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது அந்தப் பதில் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

கல்லூரி நாட்களில் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' படித்துவிட்டு நோட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "வெண்மணிக்குக் காரணம் ஒரு மனிதனின் ஆண்மைக் குறை." அடிக்கோடு வேறு!

1975-ல் வந்த நாவல்; 1977-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் வரும் நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் வன்முறைக்கு அடியில் அவருடைய ஆண்மையின்மை இருக்கிறது. கூலிப் பிரச்சினையை ஃப்ராய்டியப் பிரச்சினையாக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் அப்போதே சண்டை போட்டார்கள். எனக்கு அது கட்சிக்காரர்களின் புலம்பலாகத்தான் பட்டது. நாவல் என்பது வரலாறு இல்லையே! சரிதான். ஆனால் அதை வரலாறாக நோட்டில் எழுதி வைத்தவன் நான்தானே.

மைதிலி சிவராமனின் கட்டுரைகளை ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன். 'ஹாண்டட் பை ஃபயர்' என்ற தொகுப்பாக 2013-ல் வந்தவை. அலங்காரமே கிடையாது. அறுவடைக் கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் செங்கொடியை இறக்கச் சொல்லி நெருக்கியது, வெளியூர் ஆட்களை இறக்கியது. 1968 டிசம்பர் 25 இரவு ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்கள் எரிக்கப்பட்டார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதைப் படிக்கும்போது யாருடைய மனசுக்குள்ளும் போய் உட்கார முடியாது. ஆனால் யார், எதற்காக, எந்தச் சங்கம் என்று விரல் வைத்துக் கேட்கலாம். ஒருத்தருடைய உடம்புக் குறை காரணமென்றால், அவர் போனதும் பிரச்சினை தீர்ந்துவிடும். சங்கமும் கூலியும் காரணமென்றால் அப்படித் தீராது. என் அடிக்கோட்டில் விட்டுப்போனது இதுதான்.

இதில் என்னை உலுக்கியது தீர்ப்பு. நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970-ல் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. பணக்கார மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள், ஆளனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்கிற ரீதியில் போகிறது வாதம். அதே ஆண்டு மைதிலி எழுதிய கட்டுரைக்கு 'ஜென்டில்மென் கில்லர்ஸ் ஆஃப் கீழ்வெண்மணி' என்று தலைப்பு. "இந்தப் பாத்திரம் இப்படிச் செய்யுமா?" என்பது நாவல் படிக்கிறவன் கேட்கிற கேள்வி. நானும் விமர்சனம்னு எழுதும்போது அதைத்தான் கேட்கிறேன். நிஜ மிராசுதாரர்களை அந்தக் கேள்வியால் நிறுத்துப் பார்த்தார்கள். 44 சாவுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்றானது.

அதுக்காக நாவலைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றில்லை. மறுபடி படித்தேன். கண்ணையா நாயுடு இப்போது எனக்குச் சுவாரசியமில்லை. அந்த விளக்கம் மெல்லியதாகத் தெரிகிறது. டெல்லியிலிருந்து வந்து கிராமத்தில் தங்கியிருக்கும் கோபாலும் அவனைத் தேடிவரும் சிவாவும்தான் இந்தத் தடவை என்னைப் பிடித்துக்கொண்டார்கள். படித்த ஆட்கள், நல்ல எண்ணம், பேச்சுக்குக் குறைவில்லை. இருந்தும் அந்த ஊரில் யாருக்கும் தாங்கள் என்னவாக இருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. கட்டுரை எழுதியவருக்கு அதில் இடமில்லை, இருக்கவும் வேண்டாம். அவர் செத்தவர்களைப் பற்றி எழுதினார். ஆனால் வெண்மணி பற்றி வீட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற என்னை மாதிரி ஆள் எங்கே நிற்கிறான் என்பதை நாவல்தான் காட்டியது. கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

நண்பர் போன வாரம் வந்து மைதிலி சிவராமன் புத்தகத்தை எடுத்துப்போனார். 'குருதிப்புனல்' பக்கத்திலேயே இருந்தது, கேட்கவும் செய்தார். முதல்ல அதை முடிங்க, அப்புறம் தர்றேன்னு சொல்லிட்டேன்.