'நானும்' என்பதிலுள்ள உம்

'மீ டூ' என்பதைத் தமிழில் 'நானும்' என்று சொல்லிப் பார்த்தால் ஆங்கிலத்தில் எளிதில் தென்படாத ஒரு விஷயம் வெளியே வருகிறது. இந்த 'உம்'மை இலக்கணக்காரர்கள் எச்சவும்மை என்பார்கள். முன்னால் ஒருத்தி சொல்லியிருக்க வேண்டும், அல்லது பின்னால் ஒருத்தி சொல்ல இருக்க வேண்டும். அந்த முன்னவள் யார் என்பதே என் கேள்வி.

2017 அக்டோபரில் நடிகை அலிஸ்ஸா மிலானோ ட்விட்டரில் எழுதிய பிறகுதான் உலகம் இச்சொல்லைக் கேட்டது. தரானா பர்க் என்ற கறுப்பினப் பெண் 2006லேயே இதே சொல்லோடு கறுப்பினச் சிறுமிகளிடையே வேலை செய்துவந்தார். மிலானோ பிறகு பர்க்கின் பெயரைச் சொன்னார், அது நேர்மை. பதினொரு வருஷம் கேளாதிருந்த காதைப் பற்றி அந்த நேர்மை எதுவும் சொல்வதில்லை.

இங்கே இனத்தின் இடத்தில் சாதி. 1992ல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வல்லுறவுக்கு ஆளான பன்வாரி தேவி குயவர் சாதிப் பெண். 1995ல் கீழ்க்கோர்ட் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. 1997ன் விசாகா தீர்ப்பும் அதன் வழிவந்த 2013ன் சட்டமும் இவர் பட்டதிலிருந்து பிறந்தவை. 2018ல் சின்மயி பேசினார். அவர் கொடுத்த விலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்போது பன்வாரி தேவியை நினைத்துக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நான் இருக்கும் கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பெண்கள் கம்பெனி வேனில் போகிறார்கள். 2013ன் சட்டப்படி அந்த வேனும் பணியிடம்தான். ஆனால் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவள் தன் பெயர் போட்டு 'நானும்' என்று எழுதினால் மறுநாள் அவளுக்காக வேன் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பெயரோடு பேச முடிவதே ஒரு சொத்து.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலையில் வேலைசெய்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று வெளிநாட்டு அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு 2022ல் ஆலை நிர்வாகத்தோடும், துணி வாங்கும் பன்னாட்டுக் கம்பெனியோடும் ஒப்பந்தம் போட்டது. பால்பாகுபாட்டோடு சாதிப்பாகுபாடும் அதில் எழுதப்பட்டது. கண்காணிக்கும் பொறுப்பு தொழிலாளிகளுக்கே வந்தது. 'உம்'முக்கு அங்கே பொருள் இருந்தது: புகார் சொல்பவளுக்குப் பக்கத்து மிஷினில் இன்னொருத்தி துணையிருந்தாள்.

நம் கவிதைகளில் இப்போது 'நானும்' மலிந்துவிட்டது. முன்னவளைத்தான் காணோம். அவளைத் தேடாத 'உம்' வெறும் அசை.