பனியில் ஒரு முகம்: அன்றாடக் கேமராவை எதை வைத்து மதிப்பிடுவது?

இது கேமரா விற்பவரின் கட்டுரை அல்ல. தமிழ் ஆசிரியர் ஒருவர் இரண்டு படங்களைப் பார்த்து எழுதிய விமர்சனம்.

கட்டுரைக்குத் தகவல் திரட்ட, படிவம் 4 மாணவர்களோடு கியா பார்ம் பக்கம் போயிருந்தோம். சந்தைக் கடைகளைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சடக்கில் இறங்கினோம். காலை ஒன்பது மணி இருக்கும். பிரிஞ்சாங் மலை கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு பனி. தேயிலை வரிசைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, என் திறன்பேசியில் இரண்டு படம் எடுத்தேன். ஒன்று பின்பக்கக் கேமராவில், இன்னொன்று முன்பக்கக் கேமராவில், நானும் சேர்ந்து.

முதல் படத்தில் பனி அழகாக விழுந்திருந்தது. ஆனால் பிள்ளைகள் முகம் கரியாக இருந்தது, கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. இரண்டாவதில் எல்லார் முகமும் மாவு பூசிய மாதிரி வெளுத்துப் போயிருந்தது. ஒரு மாணவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், ஒன்னுல எங்களக் காணோம். இன்னொன்னுல இருக்கோம், ஆனா அது நாங்க இல்ல."

பள்ளி ஆண்டு மலருக்கு அந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. பள்ளிக்கு ஒரு கேமரா வாங்கலாம் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது. உடனே எல்லாரும் கேட்டது, "எத்தனை மெகாபிக்சல்?" இந்தக் கேள்வியைத்தான் நான் விமர்சிக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். ஏ4 தாள் முழுக்க ஒரு படத்தை அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வைத்தால் 2480 x 3508 புள்ளிகள் வேண்டும். அது 8.7 மெகாபிக்சல். வகுப்பறையில் 1920 x 1080 அளவில் காட்டும் ஒளிவீழ்த்திக்கு 2 மெகாபிக்சல் போதும். ஆண்டு மலருக்கும் வகுப்புக்கும் 12 மெகாபிக்சல் தாராளம். 50, 100 என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பிக் காசு கொடுப்பதில் நமக்கு லாபமில்லை.

கேட்க வேண்டியது ஒளி உணரியின் அளவை. ஒளி உணரி என்பது கேமராவுக்குள் ஒளி வந்து விழும் சில்லு. மழைத்தண்ணீர் பிடிக்க வாளியின் வாய் அகலம் எப்படியோ அப்படித்தான் இதுவும். மலிவான சிறு கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குல வகை. அதன் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். '1 அங்குல வகை' என்று சொல்லப்படுவது 116 சதுர மில்லிமீட்டர், அதாவது நான்கு மடங்கு. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி வகை சுமார் 367 சதுர மில்லிமீட்டர், பதின்மூன்று மடங்கு. மங்கலான மலைக் காலையில் இந்த வேறுபாடு படத்தில் தெரியும்.

அப்படியென்றால் திறன்பேசி மட்டமா? அப்படியும் சொல்ல முடியாது. இன்றைய நல்ல திறன்பேசி ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அந்த வகையில் மலிவான சிறு கேமராவைவிட அது பல நேரம் மேல். ஆகவே 1/2.3 அங்குலக் கேமராவை "கேமரா" என்ற பேருக்காக மட்டும் வாங்குவது வீண். தூரத்தில் கொழுந்து பறிப்பவரை நெருக்கமாகக் காட்ட ஒளியியல் ஜூம் வேண்டும் என்றால் மட்டும் அதில் பொருள் உண்டு. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆனால் என் திறன்பேசி ஏன் தோற்றது? கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே உள்ள காட்சி சராசரியாகச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. எதிரே வெள்ளைப் பனி நிறைந்திருந்தால், "ஒளி அதிகம்" என்று முடிவு செய்து படத்தை இருட்டாக்குகிறது. பனி சாம்பலாகிறது, ஏற்கனவே கறுத்த முகம் மேலும் கறுக்கிறது. முன்பக்கக் கேமராவில் நடந்தது வேறு. அதில் 'அழகு' வசதி எனக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருந்தது. அது தோலை மழுப்பி வெளுக்க வைத்தது. முதலாவது கருவியின் குருட்டுக் கணக்கு. இரண்டாவது, வெளுப்புதான் அழகு என்று யாரோ முன்கூட்டியே எழுதி வைத்த தீர்ப்பு.

இது புதிய கதையும் அல்ல. படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் வண்ணங்களைச் சரிபார்க்க அச்சுக் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி. லோர்னா ராத் என்ற கனடிய ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்ற புகார் மரச்சாமான், சாக்லேட் தயாரிப்பாளர்களிடமிருந்து வந்த பிறகே அந்த நிறுவனம் அசைந்தது என்றும் அவர் காட்டுகிறார். மனிதருக்காக அல்ல, சாக்லேட்டுக்காக! 2021-ல் கூகுள் 'ரியல் டோன்' என்ற பெயரில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டும் முயற்சியைத் தன் பிக்சல் 6 திறன்பேசியில் அறிவித்தது. அதுவரை சரியாகக் காட்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே நம் ஊருக்கு, நம் பிள்ளைகளுக்கு ஏற்ற அளவுகோல்கள் இவை என்பது என் கருத்து.

முதலாவது, ஒளி அளவைக் கையால் கூட்டிக் குறைக்கும் வசதி எளிதில் எட்ட வேண்டும். பனியில் +1 வைத்தால் இருமடங்கு ஒளி பதியும். இரண்டாவது, அழகு வசதியை முழுமையாக அணைக்க முடிய வேண்டும். மூன்றாவது, கையில் உள்ள காசுக்குக் கிடைக்கும் பெரிய ஒளி உணரி. புதிய மலிவுக் கேமராவைவிட, நன்றாகப் பராமரித்த பழைய 1 அங்குலக் கேமரா மேல். நான்காவது, கடைக்குப் போகும்போது ஒரு மாணவரையும் அழைத்துப் போங்கள். வாசலில், வெளிச்சம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிறுத்தி ஒரு படம் எடுங்கள். முகம் அவர் நிறத்தில் வருகிறதா என்று அவரையே கேளுங்கள்.

இன்னொன்று. மேலே குளிரில் இருந்த கேமராவைத் தாப்பாவுக்கு இறங்கியதும் திறக்காதீர்கள், லென்சில் நீர் கோத்துக்கொள்ளும். நெகிழிப்பையில் இறுகக் கட்டி, சூடு சமமான பிறகு எடுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களே, கருத்து விளக்கக் கட்டுரையில் "இது சிறந்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. எதை வைத்துச் சிறந்தது என்கிறீர்கள் என்ற அளவுகோலை முதலில் சொல்லுங்கள். பிறகு சான்று, பிறகு எதிர்க்கருத்தில் உள்ள நியாயம், கடைசியில் முடிவு. மேலே நான் செய்ய முயன்றதும் அதுதான்.

சில வாரம் கழித்து அதே இடத்துக்கு மறுபடி போனோம். கேமரா இன்னும் வாங்கவில்லை, அதே திறன்பேசிதான். அழகு வசதியை அணைத்து, பின்பக்கக் கேமராவில் ஒளியைக் கூட்டி எடுத்தேன். முகங்கள் தெளிவாக வந்தன. ஆனால் பின்னால் இருந்த பனி வெறும் வெள்ளையாகிவிட்டது, தேயிலை மேடும் பாதி மறைந்தது. எல்லாம் ஒரே படத்தில் வராது, எதையாவது விட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த மாணவியிடம் காட்டினேன். "மலைய நாளைக்கும் எடுக்கலாம், டீச்சர். இதையே போடுங்க" என்றாள். அதுதான் ஆண்டு மலருக்குப் போனது.