நோவாவின் சாபமும் மோசேயின் கோலும்

ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. வெள்ளம் வடிந்தபின் நோவா திராட்சத் தோட்டம் போடுகிறார். மது மிஞ்சிக் கூடாரத்துக்குள் ஆடை விலகிக் கிடக்கிறார். மகன் காம் அதைக் கண்டு சகோதரர்களிடம் சொல்கிறான். போதை தெளிந்த நோவா காமின் மகன் கானானைச் சபிக்கிறார்: தன் சகோதரருக்கு அவன் அடிமையாவான் என்று. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பிரசங்க மேடைகளில் இந்தச் சில வசனங்கள் கிரயப் பத்திரம்போல் நீட்டப்பட்டன. 1860-இல் அங்கே அடிமைப்பட்டிருந்தோர் ஏறத்தாழ 40 லட்சம் பேர்.

இதற்கு வழிவிட்டது, வேதாகமத்தை நடந்த வரலாறாகவே படிக்கும் முறை. 10-ஆம் அதிகாரம் காமின் வம்சத்தில் கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான் ஆகியோரை வைக்கிறது. மிஸ்ராயீம் என்பது எகிப்து. கூஷ் அதன் தெற்கே இருந்த நாடு. பெயர்களெல்லாம் மெய்யான மனிதர்கள், வம்சமெல்லாம் மெய்யான வம்சம் என்று கொண்டவர்கள் ஆப்பிரிக்கர் அனைவரையும் காமின் பிள்ளைகளாக்கினார்கள். சாபம் பரம்பரைச் சொத்தாயிற்று.

எழுத்தை எழுத்தாகவே படித்திருந்தாலும் இந்த வாதம் நிற்காது. சபிக்கப்பட்டவன் காம் அல்ல, கானான். சபித்தவர் கடவுள் அல்ல, நோவா. தோலின் நிறம் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. எழுத்துக்குக் காவல் நிற்பதாகச் சொன்னவர்களே எழுத்தில் இல்லாததைச் சேர்த்தார்கள். அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சச்சரவில் 1845-இல் பிரிந்து உருவானது தெற்கத்திய பாப்திஸ்து அமைப்பு. அடிமை முறையை ஆதரித்ததற்கு அது மன்னிப்புக் கேட்டது 1995-இல். 150 ஆண்டுகள் கழித்து.

இதை வைத்து, வரலாறாகப் படிப்பதே தீங்கு என்று தீர்த்துவிட முடியாது. அடிமைகளும் அதே நூலை வரலாறாகவே கேட்டார்கள். எகிப்தில் செங்கல் சுமந்த இஸ்ரவேலரைக் கடவுள் மோசேயின் மூலம் மெய்யாகவே விடுவித்தார் என்றால், பருத்தி பறிப்பவர்களையும் விடுவிப்பார். உவமை ஆறுதல் தரும். நடந்தது என்று நம்பியதோ சாட்சியாக நின்றது. சுமார் 70 பேரை வடக்கே தப்ப வைத்த ஹாரியட் டப்மனை மக்கள் ‘மோசே’ என்றே அழைத்தார்கள். அந்தச் சாட்சியின் வலிமை ஆண்டைகளின் தரப்புக்கும் தெரிந்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென 1807-இல் லண்டனில் அச்சான வேதாகமத்தில் எகிப்திலிருந்து விடுதலையான பகுதியே இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது.

அப்படியானால் கோளாறு எங்கே? ‘நடந்தது’ என்பதிலிருந்து ‘அது சரி’ என்று தாவும் இடத்தில். தாவீது அரசர் தன் படைவீரன் உரியாவைக் கொல்வித்ததையும் வேதாகமம் சொல்கிறது; தீர்க்கதரிசி நாத்தான் அவரைக் கண்டித்ததையும் அதுவே சொல்கிறது. பதிவாகியிருப்பதெல்லாம் முன்மாதிரி ஆகாது. ஆனால் இந்தப் பதில், கானான் நாட்டைப் பிடிக்க யோசுவா நடத்திய போர்களுக்குப் போதாது. அங்கே அழிக்கச் சொல்பவராகக் கடவுளே வருகிறார். அதை அப்படியே வரலாறாகக் கொள்பவர், குழந்தைகளைக் கொன்றதும் ஒரு காலத்தில் நீதியாக இருந்தது என்று ஒப்ப வேண்டியிருக்கிறது. இம்முறையின் ஆழமான காயம் இதுதான். 3-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலர் ஒரிகன் அப்போர்களை உள்ளத்துப் பாவங்களோடு நடக்கும் போராக வாசித்தது அதனால்தான்.

அன்பை வளர்க்காத விளக்கம் வேதத்தைப் புரிந்துகொண்டதாகாது என்பது இறையியலர் அகுஸ்தீனுடைய அளவுகோல். நல்ல அளவுகோல். ஆனால் அடிமைத்தனத்தைப் பாவத்தின் விளைவென்று விளக்கியபோது அவரே நோவாவின் சாபத்தைத்தான் எடுத்துக்காட்டினார். அளவுகோல் இருந்தால் போதாது. அதை யார் கையில் பிடித்திருக்கிறார் என்பதும் முக்கியம்.

ஜார்ஜியாவில் போதகர் சார்ல்ஸ் கோல்காக் ஜோன்ஸ் ஒருமுறை அடிமைகளுக்குப் பிரசங்கித்தார். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை அப்போஸ்தலர் பவுல் எஜமானிடம் திருப்பியனுப்பும் பிலேமோன் நிருபத்தைக் காட்டி, தப்பியோடுவது தவறு என்றார். கேட்டவர்களில் பாதிப்பேர் எழுந்து வெளியேறினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியொரு நிருபம் வேதாகமத்திலேயே இல்லை என்று சிலர் சாதித்தார்களாம். நிருபம் இருக்கிறது. ஆனால் ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்கும்படி பவுல் அதில் கேட்கிறார். ஜோன்ஸ் பிரசங்கித்த நிருபம், அவர்கள் சொன்னதுபோலவே, வேதாகமத்தில் இல்லை.