வளை வாய்

வாலைப் பற்றிப் பாம்பை வெளியே இழுக்கும் கணத்துக்காகவே இருளர்களின் பின்னால் போகிற நண்பர்கள் எனக்கு உண்டு. கச்சேரிக்குத் தனியாவர்த்தனம் கேட்க மட்டும் வருகிறவர்கள் அவர்கள். எனக்கு ஆலாபனைதான் பிடிக்கும். அந்தந்த வருஷத்துப் பாம்புப் பிடிப்புக்கு அனுமதி வருவதற்கு முந்தைய நாட்களில், கையில் கடப்பாரைகூட இல்லாமல் வரப்பு வரப்பாகப் பார்த்துக்கொண்டே போகும் நடை அது.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அம்மாவும் ஆறு வயது மகளும் அப்படிப் போன ஒரு காலையில் கூடவே போனேன். அம்மா எதையும் சுட்டிக்காட்டவில்லை. ஒரு வளைக்கு முன்னால் நின்றார், அவ்வளவுதான். மகள் ஒரு முழம் தள்ளிக் குந்தினாள்.

“யாரு இருக்கா?”

“யாருமில்ல. நூலாம்படை கட்டியிருக்கு.”

“ராத்திரி கட்டியிருந்தா? அதுக்கு முன்னாடியே உள்ள போனவன் எங்க இருப்பான்?”

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை அசைபோட்டிருக்கிறேன். வலை இருந்தால் வளை காலி என்று என்னைப் போன்றவர்கள் முடித்துவிடுவோம். சிறுமி மறுபடி குனிந்தாள். வளையின் கீழ் உதட்டைப் பார்த்தாள். எலி புழங்கும் வாயில் மண் பொலபொலவென்று உதிர்ந்து கிடக்கும், நகக் கீறல் இருக்கும். இங்கே மண் வழவழவென்று அமுங்கியிருந்தது, வயிறு உரசிப் போன வழுவழுப்பு. ஓரத்தில் சுண்ணாம்புத் துளி போல வெள்ளையாய்க் காய்ந்த எச்சம். கொஞ்சம் தள்ளிப் புல்லில் சிக்கியிருந்த சட்டைத் துணுக்கை அம்மா எடுத்துக் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினாள். நல்ல பாம்பு என்றால் வழுக்கும். கட்டுவிரியனும் வழுக்கும், ஆனால் நடு முதுகில் ஒரு வரிசை அறுகோணச் செதில் பெரிதாகத் தெரியும். இது சொரசொரத்தது.

“கண்ணாடிவிரியன்,” என்றாள்.

2017-ல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தபோது, பத்திரிகைகள் எண்ணிக்கையையும் நீளத்தையும் எழுதின. 2023-ல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ வந்தபோதும் அதே கணக்குதான். பழக்கமில்லாத சதுப்பில் அவர்கள் எந்த மண்ணைப் பார்த்து நின்றார்கள், எதைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள் என்பதை யாராவது விரிவாக எழுதியிருந்தால் நான் பத்து முறை படித்திருப்பேன். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வருகிறவர்களும் பானையிலிருந்து பாம்பு வெளிவரும்போதுதான் கைபேசியைத் தூக்குகிறார்கள். அந்தப் பானைக்குப் பாம்பு வருவதற்கு முன்னால் நடந்த நடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இப்போதோ படம் எடுப்பதற்காகவே பாம்பைச் சீண்டிப் படமெடுக்க வைக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். மண்ணைப் பார்க்காமலே பாம்பைப் பார்க்கிற பழக்கம் இது; எனக்கு மனம் ஆறவே இல்லை. நடப்பதற்கு வரப்பும் குறைகிறது. வயலைச் சமப்படுத்தி மனைக்கல் நட்ட இடத்தில் வளை ஏது?

அன்று அந்த வளையை இருவரும் தொடவில்லை. குச்சி நட்டு அடையாளமும் வைக்கவில்லை. “மூணாவது பனை, தெக்கு வரப்பு, விரியன்,” என்று மகள் ஒருதரம் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஒவ்வொன்றாய் ஒப்பித்துக்கொண்டே வந்தாள்: வாய்க்கால் மதகு, எலி, ஒற்றை வேம்பு, காலி, கள்ளிவேலி, நல்ல பாம்பு. ஒன்று விட்டுப்போயிற்று. அம்மா எடுத்துக்கொடுக்கவில்லை. மகள் சற்று நேரம் நின்று யோசித்தாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. அம்மா பின்னால் போனார், நானும் போனேன்.