காமன் கூத்துப் பாடல்: பிறப்பும் பதிவும்

வாய்மொழிப் பாடலொன்று எப்பொழுது பிறந்தது என்னும் வினாவும், அஃது எப்பொழுது பதியப்பெற்றது என்னும் வினாவும் ஒன்றல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பக்திப் பாடல்கள் இதற்குத் தக்க சான்றாம். 'சுவிங் லோ, சுவீட் சாரியட்' என்னும் பாடல் முதன்முதல் இசைத்தட்டேறியது 1909 இல். பிஸ்க் கல்லூரி மாணவர் குழு அதனை ஊர்தோறும் பாடத் தொடங்கியதோ 1870களில். அதற்கும் முன்னரே வாலிஸ் வில்லிஸ் என்னும் அடிமை அதனைப் பாடினார் என்பது வழக்கு. தட்டின் ஆண்டைப் பாடலின் ஆண்டாகக் கொள்வோமாயின் வில்லிஸ் மறைந்துபோவார்.

சப்பிரகமுவத் தோட்டங்களிற் பாடப்பெறும் காமன் கூத்துப் பாடலுக்கும் இந்நிலையே நேர்ந்துள்ளது. மாசி மாத மூன்றாம் பிறையிற் கம்பம் ஊன்றிப் பௌர்ணமியளவில் எரிக்கும் இவ்விழாவின் கதை நம்மவர்க்குப் புதிதன்று. கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தை அறியாதார் யார்? காளிதாசனும் குமாரசம்பவத்தில் இரதியின் புலம்பலுக்கென ஒரு சருக்கத்தையே ஒதுக்கினான். ஆதலின், தோட்டத்துப் பாடல் புராணத்தின் சிதைவே எனக் கற்றோர் சிலர் ஒதுக்கிவிடுவர். இக்கூற்று பொருந்தாது.

புராணத்தில் விரைந்து செல்லும் இடமொன்று கூத்தில் விரிந்து நிற்கின்றது. காமன் பொட்டலில் தப்பு முழங்க, பெண்வேடமிட்ட இளைஞன் இரதியாய் நின்று, தீக்கனாக் கண்டேன், போகற்க எனக் கணவனைத் தடுக்கின்றான். ஏவல் வந்துவிட்டது, மறுக்கலாகாது என்கின்றான் மதனன். இத்தருக்கமே பாடலின் உயிர். ஏவியவன் இந்திரன், எரிந்தவன் காமன். விடிந்தாற் பால்வெட்டுக்கும் கொழுந்துக்கும் செல்லவேண்டிய மக்கள் இரவெல்லாம் விழித்திருந்து கேட்பது இத்தருக்கத்தையே என்றால் வியப்பில்லை. தமிழகத்திலிருந்து நினைவில் சுமந்து வந்த பாடல் ஈண்டுப் புதுப்பொருள் பெற்றது; அப்பொருளைத் தந்தவர் கேட்போர்.

பதிவின் வரலாறோ மிகச் சிறிது. அமெரிக்க அடிமைமக்கள் பாடல்கள் 1867 இலேயே நூலாயின. மலையகத்தார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' வெளிவந்தது 1983 இல். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். தொழிற்சங்கப் பணிக்கும் அரசியற்பணிக்கும் இடையே அவர் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் ஒருவர் செவிக்கு எத்தனை தோட்டம் எட்டும்? பூண்டுலோயாவில் பிறந்தவர் அவர். இறக்குவானை, பலாங்கொடை, கேகாலை ஆகியவற்றின் பாடபேதங்களைக் கேட்டெழுத அவ்வப் பகுதியிலேயே ஒருவர் வேண்டியிருந்தது.

அதற்குள் பாடகர் சிதறினர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பல்லாயிரவர் தமிழகம் சென்றனர். 1977 இலும், 1981 ஆகத்திலும் இரத்தினபுரித் தோட்டங்களில் நிகழ்ந்த வன்செயல்களால் வேறு பலர் வவுனியாவை நாடினர். கூத்து வாத்தியார் ஒருவர் மூட்டை கட்டும்போது கொப்பியை எடுத்துச் செல்லலாம். எதிர்ப்பாட்டுப் பாடுவோனையும் தப்படிப்போனையும் எடுத்துச் செல்ல இயலுமோ? தருக்கப் பாடல் தனியொருவன் பாடல் அன்று.

ஆதலின், ஒரு தோட்டத்தில் ஒரு மாசியிற் பதிந்த பாடலை மூலபாடம் எனல் தவறு. பாடியவர் பெயர், அவர்க்குக் கற்பித்தவர் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியன ஒவ்வொரு பதிவிலும் குறிக்கப்பெறல் வேண்டும். இறக்குவானைப் பாடத்தை வவுனியாவிலும் நீலகிரியிலும் குடியேறியோர் பாடத்தோடு ஒப்பவைத்த பின்னரே எது பழையது, எது தோட்டம் சேர்த்தது எனப் பிரித்துரைக்கலாகும்.